தொட்டபெட்டாவா, டால்பின் நோஸா, கோத்தகிரியா? நீலகிரியில் பஸ்ஸை நம்பி நடப்பவர்களுக்கு

மலையில் பஸ்ஸை நம்பி நடக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது திரும்பி வரும் வண்டியைப் பற்றித்தான். போகும்போது ஸ்டாண்டில் நின்றால் எப்படியும் ஒரு வண்டி வந்துவிடும். சாயங்காலம் மேகம் இறங்கி, கடைசி நிறுத்தத்து டீக்கடையும் சாத்திய பிறகு, வருமா வராதா என்று தெரியாத வண்டிக்காக நிற்பது வேறு அனுபவம். ஒரு ஐப்பசியில் என் தங்கை பிள்ளைகளோடு அப்படி நின்றிருக்கிறேன். மூன்றரைக்கு வர வேண்டிய வண்டி வரவில்லை. சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டு இருட்டும்வரை நடந்தோம். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: வண்டியில் கடைசி வரை போய்விட்டு, ஊரைப் பார்த்து நடப்பது. அப்போது ஒவ்வொரு அடியும் வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடும். நடுவில் வண்டி வந்தால் ஏறிக்கொள்ளலாம், வராவிட்டாலும் பாதகமில்லை.

இந்தக் கணக்கை வைத்துத்தான் மூன்று நடைகளையும் பார்க்கிறேன்.

தொட்டபெட்டா இந்தக் கணக்குக்குப் பாதிதான் ஒத்துவரும். ஆனால் வண்டி விஷயத்தில் மூன்றிலும் சுலபமானது இதுதான். ஊட்டியிலிருந்து கோத்தகிரி போகும் எந்த வண்டியில் ஏறினாலும் தொட்டபெட்டா ஜங்ஷனில் இறங்கலாம். அங்கிருந்து உச்சிக்கு மூன்று கி.மீ. சாலை. ஏறிவிட்டு அதே வழியில் இறங்கினால் ஆறு கி.மீ. ஜங்ஷனுக்கு வந்துவிட்டால் ஊட்டிக்கும் வண்டி உண்டு, கோத்தகிரிக்கும் உண்டு. 2637 மீட்டர் உயரமுள்ள நீலகிரியின் தலைச் சிகரத்தை அரை நாளில் கால்நடையாகப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு ஊருக்குத் திரும்பலாம் என்பது சின்ன விஷயமில்லை.

குறை என்னவென்றால், அது கார்கள் ஏறும் சாலை. கோடை விடுமுறையிலும் சனி ஞாயிறிலும் ஹாரன் சத்தத்துக்கு நடுவில்தான் ஏற வேண்டும். காலை ஒன்பதுக்கு முன்னால் ஏறத் தொடங்கினால் ஓரத்துச் சோலை மரங்களும் கற்பூர மர வாசமும் உங்களுக்கே உங்களுக்கு. பத்து மணிக்கு மேல் வண்டிகள் வரிசை கட்டிவிடும். மதியத்துக்கு மேல் மேகம் ஏறி வந்தால், தொலைநோக்கி வைத்திருக்கும் கட்டடத்தில் நின்றும் வெள்ளையைத்தான் பார்க்க வேண்டும். யானை நடமாட்டம், சாலை வேலை என்று வனத்துறை சில நாள் வழியை மூடுவதும் உண்டு. அதனால் ஊட்டியிலேயே ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு ஏறுங்கள்.

குன்னூருக்கு அருகிலுள்ள காட்சிமுனையான டால்பின் நோஸ் நடைக்கு என் பழக்கம் அச்சாகப் பொருந்தும். குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சிம்ஸ் பூங்கா, லேம்ப்ஸ் ராக் வழியாகப் போகும் வண்டியில் கடைசி வரை உட்கார்ந்திருங்கள். பன்னிரண்டு கி.மீ. அளவு தூரம். பார்த்து முடித்ததும் வந்த வழியிலேயே குன்னூரைப் பார்த்து நடக்கத் தொடங்குங்கள். நாலு கி.மீ. வந்தால் லேம்ப்ஸ் ராக். சாலையை விட்டு மரங்களுக்குள் சிறிது தூரம் போனால் பாறை விளிம்பு. கீழே சமவெளி விரிந்து கிடக்கும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் கோயம்புத்தூர்ப் பக்கம் வரை தெளிவாகத் தெரியும். அங்கேயே களைத்துவிட்டால் அடுத்த வண்டியில் ஏறலாம். தெம்பிருந்தால் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிம்ஸ் பூங்கா வரை நடந்துவிடலாம். ஊரைப் பார்த்து வரும்போது மொத்தத்தில் ஏற்றம்தான், ஆனால் மூச்சு முட்டும் ஏற்றமில்லை. இந்தத் தடத்தில் வண்டிகள் குறைவு. ஏறும்போதே கண்டக்டரிடம் திரும்பும் நேரங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டால்பின் நோஸில் நின்று எதிரே பார்த்தால் பள்ளத்தாக்கின் மறுபக்கம் ஒரு வெள்ளைக் கோடு விழும். அதுதான் கேத்தரின் அருவி. நீங்கள் நிற்பது குன்னூர்ப் பக்கம். அருவி இருப்பது கோத்தகிரிப் பக்கம், அரவேணுவுக்கு அருகே. பறவைக்கு ஐந்து நிமிட தூரம். நமக்கோ குன்னூருக்குத் திரும்பி, கோத்தகிரிக்கு வண்டி பிடித்து, மறுபடி கீழே இறங்க வேண்டும். இந்த மலையின் அமைப்பை எனக்குப் புரியவைத்தது வரைபடமல்ல, அந்த வெள்ளைக் கோடுதான்.

கோத்தகிரிதான் என் தேர்வு. காரணம், அந்த ஊருக்கு வந்து இறங்கிவிட்டால் அதன் பிறகு பஸ்ஸே வேண்டாம். ஊட்டி, குன்னூர், மேட்டுப்பாளையம் மூன்று பக்கமிருந்தும் வண்டிகள் வருகின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கி.மீ.தான், குன்னூர் மலைப்பாதை நெரிசலும் கிடையாது. ஊரிலிருந்து மூன்று கி.மீ. அளவில் லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சோலைக்கு 2024 ஜனவரியில் ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற பட்டம், கிடைத்தது. காட்டுக்கு எதற்கு ஈரநிலப் பட்டம் என்று அப்போது பலர் கேட்டார்கள். உள்ளே பத்து அடி வைத்தவர்களுக்கு அந்தக் கேள்வி வராது.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். சோலைக்குள் நுழைந்ததும் முகத்தில் ஈரத்துணி ஒற்றியதுபோல் ஒரு குளிர்ச்சி. மரங்கள் ஓங்கி உயர்ந்தவை அல்ல, முறுக்கிக்கொண்டு குடை விரித்து நிற்பவை. தண்டெல்லாம் பாசி. அதை விரலால் அழுத்தினால் தண்ணீர் கசியும். தரையில் கிடக்கும் இலைக்குப்பையைக் காலால் விலக்கினால் மேலடுக்கு காய்ந்திருக்கும், அதன் கீழே ஈரம், இன்னும் கீழே கறுப்பு மண். கோடையிலும் அந்த மண் உலர்வதில்லை. பெய்த மழையை இந்தச் சோலை பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிறது. கீழேயுள்ள ஹட்டிகளின் (படகர் ஊர்களின்) ஓடைகளும் குழாய்களும் ஓடுவது அதனால்தான். மார்ச் மாதத்தில் சில மரங்கள் செந்தளிர் விட்டிருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் பூத்ததுபோல் தெரியும். வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். மழைக்காலமென்றால் ஒரு சின்னத் துணியில் உப்பு முடிந்து எடுத்துக்கொள்ளுங்கள், அட்டை ஏறினால் ஒற்றி எடுக்க.

அதே நாளில் கன்னேரிமுக்குக்கும் நடந்துவிடலாம், ஊரிலிருந்து இரண்டு கி.மீ. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்து கட்டிய வீடு அங்கே நினைவகமாக இருக்கிறது. ஊட்டி என்ற ஊர் உருவாவதற்கு முன்பே வெள்ளைக்காரர் குடியேற்றம் இங்கே தொடங்கிவிட்டது.

இன்னொரு நாள் கையில் இருந்தால் கோடநாடு. கோத்தகிரியிலிருந்து 18 கி.மீ., பஸ் உண்டு. காட்சிமுனையிலிருந்து கீழே மாயாறு வளைந்து போவதும் தெங்குமரஹாடாவின் வயல்களும் தெரியும். முழுத் தூரமும் நடக்க முடியாது. ஆனாலும் ஊரைப் பார்த்து எவ்வளவு நடக்க முடியுமோ அவ்வளவு நடந்து, நடுவில் வண்டி ஏறலாம்.

எந்த மாதம் போகிறோம் என்பதைப் பொறுத்து இந்த வரிசை மாறும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையின் வேகத்தைத் தொட்டபெட்டா மலைத்தொடர் தடுத்து நிறுத்துவதால், அதற்குக் கிழக்கே இருக்கும் குன்னூரும் கோத்தகிரியும் ஓரளவு தப்பிவிடும். அந்த மாதங்களில் ஊட்டிப் பக்கத்தை விட்டுவிட்டு இங்கே வாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். வடகிழக்கு மழை நேராக இந்தச் சரிவுகளில்தான் அடிக்கும். 2009 நவம்பரில் மண்சரிவு எத்தனை உயிர்களை வாங்கியது என்பதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. அந்த நாட்களில் டால்பின் நோஸும் வேண்டாம், கோத்தகிரியும் வேண்டாம். தை பிறந்ததும் வாருங்கள், காலைப் பனி விலகிய பிறகு வானம் கண்ணாடிபோல் இருக்கும்.

குழந்தைகளோடும் பெரியவர்களோடும் வருகிறவர்களுக்கு டால்பின் நோஸைத்தான் சொல்வேன், எங்கே வேண்டுமானாலும் நடையை நிறுத்திக்கொள்ளலாம் என்பதால். தனியாக, அமைதியாக நடக்க விரும்புகிறவர்களுக்குக் கோத்தகிரி. முதல்முறை வந்து ஒரே ஒரு காலைப்பொழுதுதான் இருக்கிறது என்றால் தொட்டபெட்டா.

குன்னூரிலும் கோத்தகிரியிலும் தேயிலைக்குள் காட்டெருமை நிற்பது சாதாரணம், கரடியும் உண்டு. விடியலிலும் அந்தி சாய்ந்த பிறகும் தோட்டத்துக் குறுக்குப் பாதைகளில் இறங்க வேண்டாம், தார்ச்சாலையிலேயே நடங்கள். தண்ணீருக்கு வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுவாருங்கள், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டம் முழுக்கத் தடை. 2024 மே 7 முதல் காரில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் அரசு பஸ் ஏறுகிறவர்களுக்கு அது தேவையில்லை. ஜன்னலோரம் பார்த்து உட்காருங்கள், நாலைந்து வளைவு தாண்டியதுமே காற்று மாறிவிடும்.