மதுரையில் 'இன்டர்நேஷனல் எம்பிஏ' என்று பணம் கட்டப் போகிறவர்களுக்கு

பி.காம், பிபிஏ முடித்துவிட்டு இன்டர்நேஷனல் பிசினஸும் கூடவே ஒரு வெளிநாட்டு மொழியும் படிக்கலாம் என்று யோசிப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இந்தப் பதிவு. காளவாசல் பக்கம் உள்ள ஒரு நிறுவனத்தில் என் தங்கச்சி சேர்ந்தாள். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

சேரும்போது சொன்னது: இரண்டு வருட எம்பிஏ, யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம், ஜப்பானிய மொழியில் என்2 என்ற நிலை வரை பயிற்சி, முடித்ததும் சென்னையில் ஜப்பான் கம்பெனியில் வேலை. சுவரில் ஐஎஸ்ஓ 9001 சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். அது நிர்வாக முறைக்குக் கொடுப்பது, அப்பளக் கம்பெனியும் வாங்கலாம். பட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அப்பா முதல் தவணை 70,000 ரூபாய் கட்டினார். பத்தாம் வகுப்பு முதல் டிகிரி வரை ஒரிஜினல் மார்க் ஷீட் அத்தனையும் 'வெரிஃபிகேஷனுக்கு' என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வகுப்பு தொடங்கிய பிறகுதான் கூத்து. ஏற்றுமதிப் பாடம் எடுப்பவரிடம் லெட்டர் ஆஃப் கிரெடிட் (ஏற்றுமதிப் பணத்துக்கு வங்கி தரும் உத்தரவாதக் கடிதம்) பற்றிக் கேட்டால், "அது அடுத்த செமஸ்டர்" என்பாராம். ஜப்பானிய மொழி ஆசிரியர் நல்ல பையன்தான், பாவம். ஆனால் அவரே என்4தான் முடித்திருக்கிறார். ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் தேர்வில் என்5 முதல் படி, என்1 கடைசி. என்4 முடித்தவர் என்2 வரை எப்படிக் கூட்டிப் போவார்? அந்தத் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் தனியாக நடக்கிறது, சென்னையில் மையம் இருக்கிறது. எந்தக் கல்லூரியும் அந்தச் சான்றிதழைத் தன் கையால் கொடுக்க முடியாது.

பட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும் என்று நான் கேட்டேன். முதலில் வட மாநிலத்துப் பல்கலைக்கழகம் என்றார்கள். அப்புறம் 'நாங்க அட்டானமஸ்' (தன்னாட்சி) என்றார்கள். எழுதிக் கொடுங்கள் என்றதும் பேச்சே இல்லை.

சரி, பணத்தைத் திருப்பிக் கேட்போம் என்று போனோம். யூஜிசியின் 2018 விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் விலகினால் கட்டணத்தில் 80 சதவீதம், 30 நாளுக்குள் என்றால் 50 சதவீதம் திருப்பித் தர வேண்டும். ஒரிஜினல்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. இதைக் காட்டியதும் மேனேஜர் சொன்னார்: "தம்பி, அதெல்லாம் காலேஜுக்குப்பா. நாங்க யூஜிசிக்குக் கீழ வரமாட்டோம்." அட்மிஷன் அன்று யூஜிசி அங்கீகாரம் என்று அப்பாவிடம் சொன்னதும் இதே ஆள்தான்!

யூஜிசி சட்டப்படி எம்பிஏ பட்டத்தைப் பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் அதிகாரம் கொடுத்த நிறுவனம் ஆகியவை மட்டுமே தரலாம். தனி நிறுவனம் தருவது பிஜிடிஎம் என்கிற முதுநிலை மேலாண்மை டிப்ளமோ. அதற்கு ஏஐசிடிஇ (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் யூஜிசி தன் தளத்தில் போட்டிருக்கிறது. சரிபார்க்க நகல் போதும், ஒரிஜினலை விட்டுவிட்டு வராதீர்கள்.

இந்தத் துறையில் நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. இன்டர்நேஷனல் பிசினஸ் எம்பிஏவுக்கு டெல்லி, கொல்கத்தா, காக்கிநாடாவில் ஐஐஎஃப்டி (இந்திய வெளிநாட்டு வர்த்தக நிறுவனம்) இருக்கிறது, கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் டான்செட் நுழைவுத் தேர்வு. மொழிதான் முக்கியம் என்பவர்களுக்கு ஹைதராபாத் இஃப்லு (ஆங்கிலம், வெளிநாட்டு மொழிகள் பல்கலைக்கழகம்), டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழகம் இரண்டும் உண்டு. என்னைக் கேட்டால், பட்டத்தை ஓரிடத்திலும் மொழியைத் தனியாகவும் படிப்பதே நல்லது. ஜெர்மன் என்றால் சென்னை கோத்தே இன்ஸ்டிட்யூட், பிரெஞ்சு என்றால் அலியான்ஸ் ஃபிரான்சேஸ்.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு மார்க் ஷீட்கள் கைக்கு வந்துவிட்டன. பணம் வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறோம். அங்கே பணம் கட்டியவர்கள் ரசீது, நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய வாக்குறுதிகள் எதையும் அழித்துவிடாதீர்கள்.