இரண்டு கணவாய், இரண்டு ஜூலை: 811-ம் 1014-ம்

பைசாந்தியப் (கிழக்கு ரோமப் பேரரசின்) படையும் பல்கேரியப் படையும் மோதிய போர்கள் ஏராளம். அவற்றில் இந்த இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும்: இரண்டிலும் ஆயுதம் மரவேலிதான். கட்டியதும் இரண்டு முறையும் பல்கேரியர்களே.

811-ல் பைசாந்தியப் பேரரசர் முதலாம் நிகெஃபோரஸ் பல்கேரியத் தலைநகர் பிளிஸ்காவைக் கொளுத்தினார். பல்கேரிய ஆட்சியாளர் கான் க்ரூம் சமாதானம் கேட்டும் அவர் மசியவில்லை. திரும்பும் வழியில், மலை இடுக்கில் பாதையை மரவேலி மறித்து நின்றது. ஜூலை 26 விடியலில் தாக்குதல். பேரரசரே செத்தார், 378-ல் ரோமப் பேரரசர் வாலென்ஸ் விழுந்தபின் போர்க்களத்தில் மாண்ட முதல் பேரரசர் அவர்தான். அவர் மண்டையோட்டுக்கு வெள்ளி பூசி க்ரூம் அதில் மது குடித்தானாம்.

1014-ல் கிளெய்தியோன் கணவாய். பல்கேரிய மன்னர் சாமுவேல் கட்டிய வேலியைப் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பசிலால் நேரே உடைக்க முடியவில்லை. பசிலின் தளபதி சிஃபியாஸ் பெலாசிட்சா மலையைச் சுற்றிப் போய், ஜூலை 29 அன்று முதுகுப்பக்கம் இறங்கினார். அவ்வளவுதான். மகன் கொடுத்த குதிரையில் சாமுவேல் தப்பினார். சிறைப்பட்டவர்களின் கண்களைப் பசில் பிடுங்கச் செய்தார். நூறு பேருக்கு ஒருவருக்கு மட்டும் ஒரு கண்ணை விட்டுவைத்தார், வழிகாட்ட. மொத்தம் சுமார் 15,000 பேர் என்று நூல்கள் சொல்வது மிகையாகவே எனக்குப் படுகிறது. அந்த வரிசையைக் கண்ட சாமுவேல் மயங்கி விழுந்து, அக்டோபரில் இறந்தார்.

தந்திரத்தில் எனக்கு க்ரூமே மேல். வேலி வைத்தவன் காத்திருந்தது வரும் எதிரிக்கு அல்ல, திரும்பும் எதிரிக்கு. ஆனால் விளைவில் 1014 தான் கனம்: நான்கே ஆண்டில், 1018-ல், பல்கேரியா பேரரசுக்குள் போய்விட்டது.