பிளாஸ்மாவைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா?

அணுக்கரு இணைவுக்காக, பிளாஸ்மா என்ற மின்னூட்டமுள்ள கொதிக்கும் வாயுவைக் காந்தப்புலத்தில் அடைத்து வைக்கும் வளைய வடிவ உலைதான் டோகாமாக். அதன் காந்தச் சுருள்களை எவ்வளவு கவனமாகப் பொருத்தினாலும் எங்காவது மில்லிமீட்டர் கணக்கில் விலகத்தான் செய்யும். அந்த விலகலால் வரும் பிழைப்புலம், முதன்மைக் காந்தப்புலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தாலே ஆபத்து. பிளாஸ்மாவின் சுழற்சியை நிறுத்தி, புலக்கோடுகள் அறுந்து மறுபடி இணைந்து தனிச் சுழலாக மூடிக்கொள்ளும் ஒரு காந்தத் தீவை உள்ளே திறந்து, மொத்தத்தையும் குலைத்துவிடும். அடர்த்தி குறைவாக இருந்தால் இன்னும் சுலபம். இந்தச் சிறு தொந்தரவுக்குப் பிளாஸ்மா என்ன செய்யும் என்று கணக்கிட மூன்று வழிகள் போட்டியில் இருக்கின்றன.

பழையது வெற்றிடக் கணக்கு. பிளாஸ்மாவின் சமநிலைப் புலத்தோடு வெளிச் சுருள்களின் புலத்தைக் கூட்டினால் வேலை முடிந்தது. பிளாஸ்மா பதிலுக்கு எதுவுமே செய்யாது என்று பாவனை. வேகமானது, எளிமையானது. பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஐட்டர் உலையில், பிளாஸ்மாவின் ஓரத்தில் திரும்பத் திரும்ப வரும் விளிம்பு வெடிப்புகளை அடக்க வரிசைக்கு ஒன்பதாக மூன்று வரிசைகளில் 27 சுருள்கள் உண்டு. அவற்றின் வடிவமைப்புக்கும் இந்தக் கணக்கில் தீவுகள் எவ்வளவு தூரம் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்பதே அளவுகோலாக இருந்தது.

ஆனால் பிழையைத் திருத்தும் வேலையில் இது காலை வாரியது. அமெரிக்காவில் சான் டியேகோவின் டி-த்ரீ-டி, பிரின்ஸ்டனின் என்எஸ்டிஎக்ஸ் ஆகிய இரண்டு ஆய்வுக் கருவிகளிலும் திருத்தச் சுருள்கள் பாதிப்பைக் குறைத்தபோது, வெளியிலிருந்து வரும் சமச்சீரற்ற புலம் பல நேரம் கூடியிருந்தது. கணக்குப்படி நோய் முற்றியது. நோயாளியோ எழுந்து உட்கார்ந்துவிட்டார்!

இதை விளக்கியது இரண்டாவது வழி. 2007இல் ஜாங்-கியூ பார்க் குழுவினர், மின்தடையே இல்லாத இலட்சியப் பிளாஸ்மாவாக எடுத்துக்கொண்டு, தொந்தரவுக்கு ஏற்ப அதன் சமநிலை எப்படி நெளிகிறது என்று ஐபெக் நிரலால் கணக்கிட்டார்கள். பிளாஸ்மா சும்மா இருப்பதில்லை. புலக்கோடுகளின் சுற்றும் தொந்தரவின் வடிவமும் ஒத்துப்போகும் ஒத்ததிர்வுப் பரப்புகளில் மின்னோட்டத்தை ஓடவிட்டு, தீவு திறக்காமல் தடுக்கிறது. அதே சமயம் தனக்கு இசைவான வடிவத்தில் வரும் புலத்தைப் பெருக்கியும் விடுகிறது. ஆக, வெளிப்புலத்தின் மொத்த அளவைவிட அது எந்த வடிவத்தில் வருகிறது என்பதுதான் முக்கியம். பிழைப்புலத் திருத்தத்துக்கு என் ஓட்டு இதற்கே. செலவு கொஞ்சம்தான் கூடுதல், பலனோ அதிகம்.

விளிம்பு வெடிப்பை அடக்குவது வேறு கதை. அங்கே தீவு திறக்கிறதா என்பதே கேள்வி. இலட்சியப் பிளாஸ்மாவிலோ அது திறக்கவே முடியாது. அதனால் மூன்றாவது வழியாக, மின்தடையையும் சுழற்சியையும் சேர்க்கும் மார்ஸ்-எஃப், எம்3டி-சி1 போன்ற நிரல்கள் தேவை. ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் அப்கிரேடு டோகாமாக்கில் மேல், கீழ்ச் சுருள்களுக்கு இடையிலான சிறந்த கட்ட வேறுபாடு (ஒன்றின் புல வடிவம் மற்றதிலிருந்து வளையத்தைச் சுற்றி எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது), வெற்றிடக் கணக்கு சொல்வதிலிருந்து நன்றாகவே விலகி இருப்பதை மார்ஸ்-எஃப் காட்டியது. ஆனால் இந்த நிரல்கள் சும்மா விடாது. விளிம்பில் எலக்ட்ரான்கள் எந்த வேகத்தில் ஓடுகின்றன என்று கேட்கும். அந்த வேகம் சுழியைத் தொடும் இடத்தில்தான் தடுப்பு தளரும். அந்த இடம் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே விடை மாறலாம். அளவீடு அவ்வளவு துல்லியமாக இல்லாதபோது, நிரல் எவ்வளவு நுட்பமானாலும் வரும் விடையை வரம்போடுதான் நம்பலாம்.