அம்பாசடரா, பத்மினியா?

பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டியே தீருவது என்று கிளம்புகிறவர்களுக்கு நம்மூரில் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் இந்த இரண்டுதான். என்னிடம் இருப்பது மார்க் 4 அம்பாசடர். அதனால் என் ஓட்டு யாருக்கு என்று கேட்கவே வேண்டாம். மச்சானிடம் பத்மினி. அதை அவ்வப்போது ஓட்டியதும் அவர் புலம்பலைக் கேட்டதும்தான் அந்தக் காரில் எனக்குள்ள அனுபவம்.

ஓட்டுகிற சுகம் பத்மினியில்தான் அதிகம். 1089 சிசி எஞ்சின், சின்ன உடம்பு, சந்துபொந்தில் திருப்பலாம், பெட்ரோலும் குறைவு. அம்பாசடரில் குடும்பமே ஏறலாம். இதெல்லாம் தெரிந்த கதைதான்.

வாங்கிய பிறகு நிம்மதியாகத் தூங்க முடியுமா என்பது சாமான் கிடைப்பதில்தான் இருக்கிறது. பத்மினி உற்பத்தி 2000 வாக்கிலேயே முடிந்துபோனது. அம்பாசடர் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அரசு அலுவலகம், டாக்சி ஸ்டாண்ட் என்று ஓடிய வண்டி என்பதால் அதைப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக் இன்னும் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். என் வண்டியில் உள்ள 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் பிரிட்டனின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் பி-சீரிஸ் குடும்பம். எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் வந்ததும் அதே குடும்பம்தான். அந்தக் காரைக் கொண்டாடுகிறவர்கள் புண்ணியத்தில் இந்த எஞ்சினுக்கு இன்றும் அங்கே புதுப் பாகங்கள் விற்கிறார்கள். நான் வரவழைத்ததில்லை, சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளே இதுவரை போதுமாக இருக்கிறது.

வேலை இல்லாமல் இல்லை. முன்சக்கரப் பக்கம் கிரீஸ் ஏற்றுகிற சின்ன முனைகளை, அதாவது கிரீஸ் நிப்பிள்களை, மறக்கவே கூடாது. கிரீஸ் கன்னை வைத்து அழுத்த அழுத்த முதலில் கறுப்பாக மண் கலந்த பழசு பிதுங்கும். புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை விடக்கூடாது. சோம்பினால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். இன்னொன்று, இப்போது பங்க்கில் போடும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும். பெட்ரோல் ஹோஸ், பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் இரண்டையும் வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள். இது பத்மினிக்கும் பொருந்தும்.

இத்தனைக்கும் என்ன லாபம் என்று வீட்டில் கேட்பார்கள். வழியில் வண்டி நின்றால் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே தொட்டு விலகும் பாயிண்ட்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இடைவெளியைச் சரிபார்த்து நாமே கிளப்பிவிடலாம். அந்த கெத்தை எந்தப் புது காரும் தராது. கெத்து வேண்டாம், தினமும் ஆபீஸ் போக வேண்டும் என்றால் 1992-க்குப் பிந்தைய இசுசு எஞ்சின் அம்பாசடரைத் தேடுங்கள். ஐந்து கியர், கியர் லிவரும் ஸ்டியரிங் பக்கம் இல்லாமல் தரையிலேயே. அதை நீண்ட தூரம் ஓட்டிப் பார்த்தவன் இல்லை நான்.

இரண்டிலும் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியே எலும்பு. துரு பிடித்தால் டிங்கரிங் செலவில் எஞ்சின் செலவு தூசு. பார்க்கப் போகும்போது துணி சுற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டுபோய் கதவுக்குக் கீழே ஒட்டிப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே பட்டிதான். பத்மினிதான் வேண்டும் என்று மனது அடம்பிடித்தால், கிரில், பம்பர், பீடிங், டெயில் லைட் எல்லாம் முழுசாக உள்ள வண்டியாகப் பாருங்கள், அந்தச் சாமான்களைத் தேடி அலைவதுதான் பெரும்பாடு. எஞ்சின் புகைந்தாலும் பரவாயில்லை, லேத்தில் கொடுத்து சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்துகொள்ளலாம்.