டாப் சர்ஜரிக்கு டாக்டர் தேடும் தம்பிகளே, 'தழும்பே இருக்காது' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறவன் நான். கழுத்துப்பட்டி சுருங்கியிருந்தால் பீஸை ஆல்டருக்குத் திருப்பிப் போடுவதுதான் என் பொழைப்பு. அதே சுருக்கம் இப்போது என் நெஞ்சில் இருக்கிறது. நான் திருநம்பி, பிறப்பில் பெண் என்று எழுதப்பட்ட ஆண். மார்பை எடுத்து நெஞ்சை ஆண் நெஞ்சாக்குகிற ஆபரேஷனைத்தான் டாப் சர்ஜரி என்பார்கள். கிளினிக் கோவையில். வழக்கு போட்டிருப்பதால் பெயர் எழுதவில்லை, தனியாகக் கேட்டும் வராதீர்கள். பெயரை விட அவர்கள் எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் போதும். இதே கதையை வேறு ஊரில் நடந்ததாக ரெண்டு திருநம்பிகள் என்னிடம் சொல்லிவிட்டார்கள்.

மார்பை இறுக்கித் தட்டையாகக் காட்டுகிற பைண்டர் உடுப்பை ஆறு வருஷம் போட்டேன். சித்திரை மாசத்தில் அயர்னிங் செக்‌ஷன் பக்கம் அதை மாட்டிக்கொண்டு நின்றவனுக்குத்தான் தெரியும், சாயங்காலம் விலா எலும்பு என்ன பாடு படும் என்று. சனிக்கிழமைச் சம்பளத்தில் சீட்டுப் போட்டு ஒன்றரை லட்சம் சேர்த்தேன். தீபாவளிக்குக் கம்பெனி பத்து நாள் லீவு விடும், அதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கே எனக்கு வினையாகப் போனது.

முதல் நாள் பார்த்த டாக்டர் நன்றாகப் பேசினார். தம்பி என்றே கூப்பிட்டார், அதிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன். "நீளமா எல்லாம் வெட்ட வேண்டாம் தம்பி. காம்பைச் சுத்தி வட்டமாக் கீறி எடுத்துடலாம். தழும்பே இருக்காது. மாசம் முப்பது கேஸ் பண்றோம்" என்றார். போட்டோ காட்டினார்கள். எல்லாம் தட்டையான, முடி வளர்ந்த நெஞ்சு. 'அடடா, எவ்வளவு இயல்பா வந்திருக்கு' என்று பூரித்துப் போனேன். வராமல் என்ன செய்யும்? அந்த அண்ணன்கள் எல்லாரும் பிறப்பிலேயே ஆண்கள், மார்பு வீக்கத்துக்கு வந்தவர்கள். கைனகோமாஸ்டியா என்பார்கள். அந்த முப்பது கேஸும் அதுதான். இது தெரிய எனக்கு மூன்று மாசம் ஆனது.

கைனகோவில் பெரும்பாலும் கொழுப்பை உறிஞ்சி, காம்புக்கு அடியில் இருக்கும் சுரப்பியை எடுத்தால் வேலை முடிந்தது. தோல் தானாக ஒட்டிக்கொள்ளும். நமக்கு அப்படி இல்லை. மார்பு சின்னதாக, தோல் இறுக்கமாக இருப்பவர்களுக்குத்தான் காம்பைச் சுற்றிக் கீறுகிற முறை சரிவரும். கொஞ்சம் பெரிதாக இருந்தாலோ, வருஷக்கணக்காகப் பைண்டர் போட்டுத் தோல் தளர்ந்திருந்தாலோ, மார்புக்குக் கீழே ரெண்டு பக்கமும் நீளமாக வெட்டி, மிச்சத் தோலையும் எடுத்து, காம்பைச் சின்னதாக்கி ஆண் நெஞ்சில் இருக்கவேண்டிய இடத்தில் ஒட்ட வேண்டும். தழும்பு கட்டாயம் இருக்கும். எனக்குச் செய்திருக்க வேண்டியது அதுதான். அவர்கள் வட்டமாகக் கீறி, உள்ளே இருந்ததை எடுத்து, மிச்சத் தோலைச் சுருக்குப்பை நாடாவை இழுக்கிற மாதிரி இழுத்துக் கட்டிவிட்டார்கள்.

அட்வான்ஸ் 40,000, பில் இல்லை. மனநல மருத்துவர் கடிதம் என்னிடம் இல்லை என்றதும், "அதை நாங்களே ரெடி பண்ணிக்கிறோம், 5,000 தனியாக் குடுத்துருங்க" என்றார் ரிசப்ஷனில் இருந்த அக்கா. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. திருநர் மருத்துவத்துக்கான உலக அமைப்பான டபிள்யூபாத் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியின் எட்டாம் பதிப்பு இந்த ஆபரேஷனுக்கு ஒரே ஒரு கடிதம் போதும் என்கிறது, ஹார்மோன் எடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அந்த ஒன்றையும் ஆளைப் பார்க்காமலே வாங்கித் தருகிற இடம் வேறு எதை எல்லாம் பார்க்காமல் விடும் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலை, டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது கையெழுத்துக்குச் சம்மதக் காகிதம் வந்தது. முழுக்க இங்கிலீஷ். அதில் கைனகோமாஸ்டியா என்று இருந்ததைக் காட்டிக் கேட்டேன். "இன்சூரன்ஸுக்குச் சுலபம்ங்க" என்றார்கள். எனக்கு இன்சூரன்ஸே கிடையாது! தியேட்டரில் மாஸ்க் போட்டு நின்றவர் முதல் நாள் பேசின டாக்டர் இல்லை. மயக்க ஊசி அதற்குள் ஏறிவிட்டது.

மறுநாள் காலையிலேயே டிஸ்சார்ஜ். வார்டில் ஒரு சிஸ்டர் "அம்மிணி, இந்தப் பக்கம் திரும்பு" என்று சொல்லிச் சொல்லித்தான் கட்டு மாற்றினார். ரெண்டு வருஷம் முன்னால் வரைக்கும் அம்மாவும் என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடும், இப்போது சாமி. "அவன் பையனுங்க" என்று அம்மா சொன்னதற்கு அந்தச் சிஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காயத்துக்குள் தேங்குகிற ரத்தத்தை வெளியே எடுக்க ட்ரெயின் என்று ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதன் பாட்டிலில் அப்போதும் பாதி வரை செக்கச் சிவப்பாக ரத்தம். அதைப் பார்த்தபடியே குழாயை உருவினார்.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி இடது நெஞ்சு இளநீர் மாதிரி திரண்டு, தொட்டால் கல்லாக இருந்தது. கிளினிக்குக்குப் போன் போட்டால், "வீக்கம் சகஜம்ங்க, ஐஸ் வைங்க." பதினோரு மணிக்கு மறுபடி போட்டேன், சுவிட்ச் ஆஃப். தெருவெல்லாம் பட்டாசு. பக்கத்து வீட்டு அண்ணன் காரில் ஏற்றிக் கோவையில் வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டூட்டி டாக்டர் தையலைப் பிரித்து, ஈரல் துண்டு மாதிரி கட்டிகட்டியாக ஒரு டம்ளர் அளவுக்கு ரத்தத்தை வெளியே எடுத்தார். "ட்ரெயினை யாருங்க எடுத்தது?" என்று ரெண்டு தடவை கேட்டார். ஒரு நாளைக்கு வருவது 30 மில்லிக்குக் கீழே குறைந்த பிறகுதான் பொதுவாக எடுப்பார்களாம்.

மூன்று மாசம் கழித்துச் சுருக்கத்தைக் காட்டினேன். டச்-அப்புக்கு 60,000 ஆகும் என்றார்கள். அன்றோடு அங்கே போவதை விட்டேன்.

அடுத்துப் போன பிளாஸ்டிக் சர்ஜன் தொடுவதற்கு முன்னால் பயாப்சி ரிப்போர்ட் கேட்டார். எடுத்த திசுவைப் புற்றுநோய் இருக்கிறதா என்று லேபுக்கு அனுப்புவது வழக்கமாம். என் பெரியம்மா மார்புப் புற்றுநோயில் போனவர். கிளினிக்கில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை, எடுத்ததை எந்த வாளியில் போட்டார்களோ. அப்புறம் சான்றிதழ். 2019 திருநர் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் ஆண் என்று மாற்றிய சான்றிதழுக்குக் கலெக்டரிடம் விண்ணப்பிக்க, ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளரோ தலைமை மருத்துவ அதிகாரியோ கொடுத்த சான்று வேண்டும். என் டிஸ்சார்ஜ் சம்மரிப்படி நான் மார்பு வீங்கிய ஒரு ஆண். அதை வைத்துக்கொண்டு எங்கே போவது?

அதனால் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, யார் கத்தி பிடிப்பது என்று. அவர் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதி வாங்கி, தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஹெச் அல்லது டிஎன்பி என்ற மேல்படிப்பு இருக்கிறதா பாருங்கள், காஸ்மெட்டாலஜி டிப்ளமோ அதற்கு ஈடாகாது. திருநம்பிகளின் போட்டோ கேளுங்கள், அதிலும் உங்கள் உடல்வாகு இருப்பவர்களுடையது, ஆபரேஷன் முடிந்து ஆறு மாசம் ஆன பிறகு எடுத்தது. சம்மதக் காகிதத்தை ஒரு வாரம் முன்னாலேயே வாங்கி, தெரிந்தவரிடம் கொடுத்துப் படித்துக் கேளுங்கள். ராத்திரி ரத்தம் கட்டினால் யார் வருவார் என்றும் கேளுங்கள். தீபாவளி, பொங்கல் லீவில் வைக்காதீர்கள், நமக்கு லீவு என்றால் அவர்களுக்கும் லீவுதான். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் திருநர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அலைச்சல் என்று நான் தட்டிக்கழித்தேன், அலைந்திருக்கலாம்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் முதலில் ரெக்கார்டு கேட்டு எழுத்தில் கொடுங்கள். 2002 மருத்துவ நெறிமுறை விதிப்படி 72 மணி நேரத்தில் தந்தாக வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக ரெண்டு வருஷம் அவகாசம், கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பில் இல்லாத அந்த 40,000-த்துக்கு என்னிடம் இருப்பது ஏடிஎம் சீட்டு மட்டும்தான், வக்கீல் அதையும் ஃபைலில் வைத்திருக்கிறார்.

எனக்கு ரெக்கார்டு வந்தது பதினோராம் நாள், ரெண்டு ரிமைண்டருக்குப் பிறகு. நாலே பக்கம். ஆபரேஷன் செய்தவர் என்ற இடத்தில் முதல் நாள் பேசினவர் பெயர் இல்லை, தியேட்டரில் நின்றவர் பெயரும் இல்லை. மூன்றாவதாக யாரோ ஒருவர்.