சிலேட்டுச் சரிவு ரீஸ்லிங்: கபினெட்டையும் ரைன்ஹெஸ்ஸனையும் விட்டு இதை ஏன் எடுத்தேன்?

வீட்டில் எப்போதும் ஒரு பெட்டி வெள்ளை ஒயின் இருக்கட்டும் என்று நினைத்தபோது, ரீஸ்லிங் என்ற திராட்சையில் ஜெர்மனி செய்யும் ஒயினிலேயே மூன்று வழிகள் இருந்தன. மோசல் ஆற்றங்கரையின் செங்குத்துச் சிலேட்டுச் சரிவில் இயற்கை முறையில் விளைந்த, இனிப்பில்லாத ரீஸ்லிங். அதே ஆற்றங்கரையின் பழைய பெருமையான இனிப்புக் கபினெட், அதாவது ஆல்கஹால் குறைந்த லேசான ரீஸ்லிங். அப்புறம், ரைன்ஹெஸ்ஸன் என்ற இன்னொரு ஜெர்மன் ஒயின் வட்டாரத்தில் சுண்ணாம்பு மண்ணில் இயற்கை முறையில் விளையும் இனிப்பில்லாத ரீஸ்லிங். நான் வாங்கியது முதலாவதை. அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

சுவை விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மூன்றும் ஒரே திராட்சை. எலுமிச்சை, பச்சை ஆப்பிள், கூர்மையான புளிப்பு எல்லாவற்றிலும் உண்டு. கபினெட்டில் சர்க்கரை மிச்சமிருக்கும், ஆல்கஹால் பெரும்பாலும் 8, 9 சதவீதம்தான். மிளகாய்க் காரம் தூக்கலான சாப்பாட்டுக்கு அதை அடிக்க முடியாது. இனிப்பு காரத்தை அடக்கும், ஆல்கஹால் குறைவு என்பதால் எரிச்சலும் அதிகமாகாது. வேலன் கிராமத்தின் சோனன்ஊர் தோட்டத்து நல்ல கபினெட்டை வேண்டாம் என்று சொல்பவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் எனக்கு ஒரு கிளாஸோடு போதும். வறுத்த மீனோடு சாயங்காலம் முழுக்க உட்கார வேண்டுமென்றால் இனிப்பில்லாததுதான்.

வாங்கும்போது லேபிளில் ‘ட்ரோக்கன்’ (இனிப்பில்லாதது) என்று இருக்கிறதா எனப் பாருங்கள். சட்டப்படி லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை வரை அப்படிப் போடலாம். சர்க்கரை, அமிலத்தைவிட 2 கிராமுக்கு மேல் தாண்டாத வரை 9 கிராம் வரைக்கும் அனுமதி உண்டு. மோசலில் அமிலம் அதிகம் என்பதால் 7 கிராம் இருந்தாலும் நாக்குக்கு இனிப்பு தெரியாது.

ஆக, உண்மையான போட்டி மோசலுக்கும் ரைன்ஹெஸ்ஸனுக்கும்தான். ரைன்ஹெஸ்ஸன் ஒன்றும் சளைத்ததில்லை. வெஸ்ட்ஹோஃபன் ஊரின் விட்மான் குடும்பம் இயற்கை முறையில் செய்யும் ரீஸ்லிங் ஜெர்மனியின் சிறந்தவற்றில் ஒன்று. வாயில் கொஞ்சம் கனமாக நிறையும், புளிப்பு அவ்வளவு முகத்தில் அறையாது. அடிப்படை பாட்டில்களில் விலையும் பெரும்பாலும் குறைவு. புதிதாக ஆரம்பிப்பவருக்கு நானே அதைத்தான் சொல்வேன்.

பிறகு ஏன் கூடுதல் காசு கொடுத்து மோசல்? காரணம் பராமரிப்பு. சரிவில் இயற்கை விவசாயம் என்பது சமநிலத்து இயற்கை விவசாயத்திலிருந்து முற்றிலும் வேறு வேலை.

ஜெர்மனியில் 30 சதவீதத்துக்கு மேல் (சுமார் 17 டிகிரி) சாய்ந்தாலே செங்குத்துத் தோட்டம் என்பார்கள். மோசலின் ப்ரெம் கிராமத்துக்கு மேலே இருக்கும் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 டிகிரியைத் தொடுகிறது. டிராக்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் ஊரும் சிறு வண்டியில் ஆளும் கூடையும் ஏறுகிறார்கள். பழைய தோட்டங்களில் ஒவ்வொரு கொடிக்கும் தனிக் கழி. காலடியில் உடைந்து சரியும் கல், பள்ளிக்கூடத்தில் நாம் எழுதிய பலகையின் அதே சிலேட். 40 கோடி ஆண்டு பழசு. பகலில் வெயிலைக் குடித்து இரவில் சூட்டை விடுவதும், மழைநீரைத் தேங்கவிடாமல் வடிப்பதும் அதன் வேலை. கல்லின் ருசியே ஒயினில் ஏறுகிறது என்று விற்பவர்கள் சொல்வதை மண்ணியல் ஆட்கள் ஒப்புக்கொள்வதில்லை. நானும் அதற்காக வாங்கவில்லை.

இந்தச் சரிவில் களையை நினைத்துப் பாருங்கள். வழக்கமான விவசாயி களைக்கொல்லியை அடித்துவிட்டு இறங்கிவிடலாம். இயற்கை முறைக்காரர் அரிவாளோ மண்வெட்டியோ தோளில் மாட்டும் புல்வெட்டியோ எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக ஏற வேண்டும். கோடை முழுக்கத் திரும்பத் திரும்ப.

அதைவிடப் பெரிய தலைவலி, மழையில் பரவும் பூஞ்சை நோயான அடிச்சாம்பல் நோய். வழக்கமான மருந்துகளில் பல இலைக்குள் ஊடுருவிவிடும். இயற்கை முறையில் அனுமதிக்கப்பட்ட தாமிரமும் கந்தகமும் இலைமேல் படிந்துதான் காக்கும். நல்ல மழை பெய்தால் கழுவிப் போய்விடும், மறுபடி அடிக்க வேண்டும். தாமிரத்துக்கும் ஜெர்மனியில் பொதுவாக ஹெக்டேருக்கு வருடம் 3 கிலோ என்ற அளவுதான். இந்த நோய்க்கு முன்பு கைகொடுத்த பொட்டாசியம் பாஸ்போனேட் என்ற மருந்து 2013 அறுவடைக்குப் பிறகு இயற்கை முறைக்குக் கிடையாது. ரைன்ஹெஸ்ஸன்காரருக்கும் இதே விதிகள்தான். ஆனால் அவர் மழை விட்டதும் டிராக்டரில் ஒரு சுற்று வந்துவிடுவார். மோசல்காரர் குழாயை இழுத்துக்கொண்டு சரிவில் ஏறுவார். 2021 மாதிரி மழை விடாத கோடையில் இந்த வித்தியாசம் அறுவடையிலேயே தெரிந்தது.

சரிவுகளில் ஹெலிகாப்டரிலிருந்து மருந்து தூவுவதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் வானிலிருந்து தெளிப்பதைப் பொதுவாகத் தடை செய்து, இத்தகைய இடங்களுக்கு மட்டும் விலக்கு தருகிறது. மோசல் கரையின் வின்னிங்கன் ஊரின் பெயரைத் தாங்கிய அப்போலோ பட்டாம்பூச்சி அங்கே குறைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

நான் தருகிற கூடுதல் யூரோ இந்தச் சரிவில் ஏறி இறங்குவதற்கான கூலி. அது கிடைக்காத தோட்டங்கள் கைவிடப்படுகின்றன. 1990களின் தொடக்கத்தில் மோசலில் 12,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த திராட்சைப் பரப்பு இன்று 9,000-க்கும் கீழே. காலியான சரிவில் முதலில் வருவது முட்புதர், பிறகு சரிவைத் தாங்கும் கல்சுவர்கள் சரிகின்றன.

எந்த பாட்டில்? பியூண்டரிஷ் கிராமத்தின் கிளெமென்ஸ் புஷ்ஷிடமிருந்து தொடங்கலாம். 1980களிலிருந்தே இயற்கை முறைக்காரர். ஊருக்கு எதிரே மரியன்பர்க் சரிவில் சாம்பல், நீலம், சிவப்பு என்று சிலேட்டின் நிறத்தைப் பிரித்தே ஒயின் செய்கிறார். சாம்பல் சிலேட் பாட்டில் கைக்கு எட்டும் விலை. ஃபார்லை என்ற நீலச் சிலேட் பகுதியின் பாட்டில் விசேஷ நாளுக்கு.

இயற்கை முறை என்பது குடிக்கும்போது தெரிகிறதா என்றால், கண்ணை மூடிக்கொண்டு என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எத்தனை வருடம் தாங்கும் என்பதிலும் என் அனுபவம் குறைவு. வாங்கியதெல்லாம் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. வயதாக ஆக ரீஸ்லிங்கில் லேசான மண்ணெண்ணெய் வாடை வரும், அது கெட்டுப்போனதன் அறிகுறி இல்லை. இனிப்புள்ளவை பல பத்தாண்டுகள் நிற்கும் என்பது ஊரறிந்தது. நீண்டநாள் சேமிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் கபினெட் பக்கம் போவது பாதுகாப்பு.

கடைசியாக, லேபிளில் உள்ள அறுவடை வருடத்தையும் பார்த்து எடுங்கள். 2021 குளிர்ந்த வருடம், புளிப்பு பல்லைக் கூச வைக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். பழக்கமில்லாதவர்கள் வெயில் அடித்த 2018 அல்லது 2022-ஐ எடுங்கள்.