‘கன்று வலி’, ‘மென்மையான தோள்’: இந்த ஆங்கிலச் சொல் தொகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள்

உடல்நலம், விபத்து, டிரைவிங் மூன்றுக்கும் சேர்த்து ஆயிரம் ஆங்கிலச் சொற்கள், தமிழ் அர்த்தத்தோடு, ஆடியோவோடு என்று விளம்பரம் வரும். லைசென்ஸ் தேர்வுக்குப் படிப்பவர்களும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போகிற பெற்றோரும்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பணம் கட்டியதும் கைக்கு வருவது, யாரோ மொழிபெயர்ப்பு மெஷினில் போட்டு எடுத்து, திருப்பிக்கூடப் பார்க்காமல் விற்ற பட்டியல்.

அப்படித்தான் என்பதற்கு அத்தாட்சி அந்தப் பக்கங்களிலேயே கிடக்கும். உடல் உறுப்புகள் பகுதியில் ‘காஃப்’ என்றால் கன்று, ‘டெம்பிள்’ என்றால் கோயில். கெண்டைக்கால் வலி ‘கன்று வலி’ ஆகிவிட்டது, நெற்றிப்பொட்டில் பட்ட அடி ‘கோயில் காயம்’ ஆகிவிட்டது. மூட்டு நார் கிழிவதைச் சொல்லும் ‘லிகமென்ட் டேர்’ இருக்கிறதே, அதற்கு எதிரே கண்ணீர் என்று போட்டிருக்கும். ஆடியோவும் அதை ‘டியர்’ என்றே வாசிக்கும். சாலைப் பகுதியில் ‘யீல்ட்’ போர்டுக்கு விளைச்சல். மற்ற வண்டிகளுக்கு வழிவிடு என்று சொல்லும் தலைகீழ் முக்கோணத்துக்கு இதுவா அர்த்தம்? ‘சாஃப்ட் ஷோல்டர்’ என்பது தார் போடாத, சக்கரம் புதையக்கூடிய சாலையோரம். பட்டியலில் அது மென்மையான தோள்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஆபத்து சிரிப்பு வராத இடங்களில் இருக்கிறது.

முதலாவது மயக்கம். தமிழில் தலை சுற்றினாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம். ஆங்கிலத்தில் தலைசுற்றல் ‘டிஸி’, நினைவு தப்புவது ‘ஃபெயின்ட்’ அல்லது ‘பாஸ் அவுட்’. தலையில் அடிபட்டு வருபவரிடம் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, நினைவு தப்பியதா, தப்பியிருந்தால் எவ்வளவு நேரம் என்பது. ஸ்கேன் எடுப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்ற முடிவில் அந்தப் பதிலுக்குப் பங்கு உண்டு. தொகுப்புகளோ எல்லாவற்றுக்கும் ‘அன்கான்ஷியஸ்’ என்று ஒரே சொல்லைக் கொடுக்கின்றன. நினைவு தப்பியவர் ‘டிஸி’ என்று சொன்னால் காயம் கவனிக்கப்படாமல் போகலாம். வெறும் தலைசுற்றலை, நினைவு தப்புவதைக் குறிக்கும் ‘பிளாக் அவுட்’ என்று சொன்னாலும் வம்புதான். பிரிட்டனில் நினைவு தப்பும் கோளாறு இருந்தால் லைசென்ஸ் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், கொஞ்ச காலம் வண்டி ஓட்ட முடியாமலும் போகும்.

ஒரு சொல் என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு 1980இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் நடந்தது தெரிந்திருக்க வேண்டும். நினைவிழந்து கொண்டுவரப்பட்ட 18 வயது இளைஞரின் குடும்பம் ‘இன்டாக்சிகாடோ’ என்ற ஸ்பானியச் சொல்லைச் சொன்னது. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் சொல்ல வந்தது. மருத்துவமனை அதைப் போதைப்பொருள் என்று எடுத்துக்கொண்டு அதற்கான சிகிச்சையில் இறங்கியது. மூளையில் ஏற்பட்டிருந்த ரத்தக்கசிவு தாமதமாகத்தான் தெரிந்தது. அவருக்குக் கை கால் நான்கும் செயலிழந்தன.

இரண்டாவது, மருந்து உறையில் இருக்கும் ‘டிரௌசினெஸ்’. சோர்வு என்று போட்டிருப்பார்கள். அது தூக்கக் கலக்கம். குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய சளி, அலர்ஜி மருந்துகளின் உறையில் இந்தச் சொல்லும், வண்டி ஓட்டும்போது எச்சரிக்கை தேவை என்ற வரியும் சேர்ந்தே வரும். சோர்வுதானே என்று ஸ்டியரிங்கைப் பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, ‘பாராசிட்டமால்’ ஒரு வரியிலும் ‘அசிட்டமினோஃபென்’ இன்னொரு வரியிலும் இருக்கும், வேறு வேறு மருந்துகள் மாதிரி. இரண்டும் ஒன்றே, பின்னது அமெரிக்கப் பெயர். காய்ச்சலுக்கு ஒன்று, உடல்வலிக்கு ஒன்று என்று இரண்டையும் போட்டுக்கொண்டால் அளவு இரட்டிப்பாகும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை எட்டு, என்பது பொதுவான உச்சவரம்பு. தாண்டினால் கல்லீரல் கெடும்.

எந்த நாட்டு வழக்கு என்று எங்கேயும் குறிக்காததும் பெரிய குறைதான். ‘பேவ்மென்ட்’ பிரிட்டனில் நடைபாதை, அமெரிக்காவில் தார் அல்லது கான்கிரீட் போட்ட சாலைப்பரப்பு. அங்கே ‘பேவ்மென்ட் எண்ட்ஸ்’ என்று போர்டு இருந்தால், முன்னால் மண் அல்லது சரளைச் சாலை, வேகத்தைக் குறை என்று பொருள். நடைபாதை முடிகிறது என்று படித்தவர் அதே வேகத்தில் போவார். ‘பிளாஸ்டர்’ பிரிட்டனில் சிறு காயத்துக்கு ஒட்டுவதும் ஆகும், எலும்பு முறிவுக்கான மாவுக்கட்டும் ஆகும். அமெரிக்காவில் மாவுக்கட்டுக்கு ‘காஸ்ட்’. டிக்கி, ஸ்டெப்னி எல்லாம் நாம் புழங்குவது போல எல்லா நாட்டிலும் புரியாது.

இதே ஆட்கள் தொகுப்போடு ‘இன்டர்நேஷனல் லைசென்ஸ்’ அட்டையும் தருவதாகச் சொன்னால் உஷாராகிவிடுங்கள். அப்படித் தனி லைசென்ஸ் கிடையாது. இருப்பது ‘இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்’ என்ற அனுமதிப் புத்தகம். உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்த நாட்டின் அரசோ, அது அங்கீகரித்த அமைப்போதான் அதைத் தரும். 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி ஓராண்டு, 1968 வியன்னா உடன்படிக்கைப்படி அதிகபட்சம் மூன்றாண்டு செல்லும். சொந்த லைசென்ஸ் கையில் இல்லாமல் அதை மட்டும் நீட்டினால் செல்லாது.

வாங்கத்தான் வேண்டுமென்றால் முதலில் மாதிரிப் பக்கம் கேளுங்கள், அதுவும் நீங்கள் சொல்லும் பக்கத்தை. காஃப், டெம்பிள், டேர், யீல்ட், சாஃப்ட் ஷோல்டர், டிரௌசினெஸ் இந்த ஆறுக்கும் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒன்று தப்பினாலும் விட்டுவிடலாம். ஆடியோவில் ‘வூண்ட்’ என்று வரவேண்டிய காயத்தை ‘வௌண்ட்’ என்று வாசித்தால் மனிதர் யாரும் கேட்டுப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

டிரைவிங் சொற்களுக்கு, நீங்கள் ஓட்டப்போகும் நாட்டின் கையேடே போதும். பிரிட்டனின் ‘ஹைவே கோட்’, அமெரிக்க மாநிலங்களின் டிரைவர் கையேடுகள் இணையத்தில் இலவசம். உடல்நலச் சொற்களுக்கு அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் ‘மெட்லைன்பிளஸ்’ இருக்கிறது. மருத்துவமனையில் சொல் தடுமாறினால் ‘இன்டர்ப்ரெட்டர்’ வேண்டும் என்று கேளுங்கள். பல நாடுகளில் கட்டணம் வாங்காமலே ஏற்பாடு செய்து தருகிறார்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் விளம்பரத்தையும் தப்பான பக்கங்களையும் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், கேள்வி கேட்டதும் விளம்பரம் மறைந்துவிடும். ‘டவுன்லோட் செய்தால் ரீஃபண்ட் இல்லை’ என்று விற்றவர் சொன்னாலும் அதோடு விடாதீர்கள். கார்டில் கட்டியிருந்தால், சொன்னபடி பொருள் தரவில்லை என்று வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்குக் கெடு உண்டு, நாள் கடத்தாதீர்கள்.